வாசலில் கேட்கப்படும் பெயர்

"மதம் மாறினவன்" என்ற சொல்லை எங்கள் ஆட்கள் இரண்டு அர்த்தங்களில்தான் பாவிக்கிறார்கள். ஒன்று, சோற்றுக்காகப் போனவன். மற்றது, விசாவுக்காகப் போனவன். மூன்றாவதாக ஒருவன் இருக்கக்கூடும் என்பதை விவாதிக்க எங்கள் சஞ்சிகைகளுக்கு இன்னும் மனம் வரவில்லை. நான் சைவக் குடும்பத்திற் பிறந்து, எந்தக் கோயிலுக்கும் போகாதவன். இருந்தும், வயதுவந்தவர்களைக் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் சேர்க்கும் சடங்கு நூலை முழுதாகப் படித்தேன். ஒரு காலத்தில் நாடகம் படிப்பித்தவன் என்பதால், நாடகப் பிரதியாகவே படித்தேன்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கேட்டுக்கொண்டபடி உரோமாபுரி 1972இல் வெளியிட்ட நூல் இது. நாலாம் நூற்றாண்டு வழக்கத்தைத் தூசு தட்டி எடுத்திருக்கிறார்கள். 387இல் மிலான் நகரில் அம்புரோஸ் ஆயரிடம் ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தீன் இப்படியான வழியால் வந்தவர்தான். முதற்காட்சி கோயில் வாசலில். வந்தவரிடம் பெயரையும், எதைத் தேடி வந்தார் என்பதையும் கேட்கிறார்கள். நெற்றியில் சிலுவை அடையாளம் இடுகிறார்கள். காது, கண், வாய், நெஞ்சு, தோள்களிலும் இடலாம். பிறகு மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் ஆயத்தம். ஞாயிறு பூசையில் பிரசங்கம் முடிந்ததும் இவர்களை வெளியே அனுப்புவது முறை. நற்கருணைப் பந்தி இன்னும் அவர்களுக்கில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவில்தான் ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. அவசரமே இல்லாத நாடகம். அந்த அவசரமின்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

நீண்ட ஆயத்தமே ஆழம் என்று நூல் எண்ணுகிறது. மன்னார் இதற்கு ஒத்துவரவில்லை. முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்துக் கையே ஓய்ந்துபோனதாக 1544இல் பிரான்சிஸ் சவேரியார் எழுதினார். அதே ஆண்டு அவர் அனுப்பிய குருவிடம் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் (600 பேர் என்பது வழிவழிக் கதை) சங்கிலியனின் ஆட்களால் வெட்டப்பட்டார்கள். சங்கிலியனின் கண்ணுக்கு அது போர்த்துக்கீசருக்குக் கதவு திறக்கும் வேலை; அதையும் சேர்த்தே படிக்கவேண்டும். ஆனால் செத்தவர்கள் இரண்டு வருடம் வகுப்புக்குப் போனவர்களல்லர்.

நூலின் சிறந்த காட்சி தவக்காலத்து முதல் ஞாயிறு நடக்கும் தெரிவுச் சடங்கு. அங்கே தகுதியைப் பற்றிய கேள்வி முதலில் ஞானப்பெற்றோரிடம் போகிறது. கூட நடந்தவர் சாட்சி சொல்கிறார். அதன்பின் மூன்றாம், நாலாம், ஐந்தாம் ஞாயிறுகளில் 'ஆய்வு' என்ற பெயரில் வருவது விசாரணையல்ல, தலைக்குமேல் கைவிரித்துச் செய்யும் செபம்.

இதே ஆளை இன்னொரு பிரதியும் வாசிக்கிறது. கிறிஸ்தவரான ஓர் ஈரானியரின் வழக்கில், 2020 ஏப்ரலில், ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது இது: ஞானஸ்நானம் செல்லுமா என்று அரசு கேட்கமுடியாது, ஆனால் அந்த விசுவாசம் அவரது அடையாளத்தோடு ஒன்றியதா என்பதை நீதிபதியே ஆராயலாம். சட்டத்தில் இதற்கு நியாயம் உண்டு. ஆனால் தஞ்ச விசாரணை அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே கூட நடந்தவர் எவருக்கும் முதற்கேள்வி போவதில்லை. ஒரு மேசை, ஒரு மொழிபெயர்ப்பாளர், சில மணித்தியாலம். திருச்சபை வருடக்கணக்கில் பார்ப்பதை அரசு ஒரு முற்பகலில் பார்த்து முடிக்கிறது.

நூலிலும் குறை இருக்கிறது. அதை எழுதியவர்கள் தொழிற்சாலையில் நின்றவர்களல்லர். என்னோடு ஒரே இயந்திரத்தில் நிற்கும் ஈரானிய இளைஞர் போகும் ஆயத்தக் குழு புதன் மாலை 7 மணிக்குக் கூடுகிறது. எங்களுக்குக் காலை, பின்னேரம், இரவு என்று வாராவாரம் மாறும் வேலை. மூன்றில் ஒரு புதன் அவருக்கு இல்லை. விட்டுப்போன பாடத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியில் படிக்கிறார்.

பெரிய குறை வேறு. தெரிவுச் சடங்கில், உறவினர் தடையாக இராமல் துணையாக இருக்கவேண்டும் என்று ஒரு மன்றாட்டு வருகிறது. தேவையென்று கண்டால் பழைய வழிபாட்டை வெளிப்படையாகக் கைவிடச் சொல்லவும் இடமுண்டு. அவ்வளவுதான். தடையாக வரலாம் அல்லது துணையாக வரலாம்; மகனை இழந்ததாக எண்ணி அழும் தாய் இந்த நாடகத்தில் எந்தப் பாத்திரம்? வாசலில் அவனிடம் கேட்கும் பெயர் அவள் வைத்த பெயர்.