அடி மண்டியின் ஆயுள்

கண்டி வீதியில் போகிறவர்களுக்கு வரக்காப்பொல என்றால் தலகுலி என்ற எள்ளு இனிப்புதான். வீதியை விட்டு உள்ளே போனால் கித்துள் மரங்கள். பாணிக்கு இறக்கும் முட்டியில் ஹல் மரப்பட்டையோ சுண்ணாம்போ போட்டுப் புளிப்பைத் தடுப்பார்கள். கள்ளுக்கு நேர்மாறு: பழைய மண்டி ஒட்டிய முட்டியே புதுச் சாற்றுக்கு உறை. மண்டியில் இருப்பது ஈஸ்ட்.

முட்டியில் இந்த வழக்கத்தைக் குறை சொல்ல முடியாது. காலையும் மாலையும் இனிப்புச் சாறு விழுவதால் ஈஸ்ட் பட்டினி கிடப்பதில்லை. அதே மண்டியை அப்ப மாவுக்கென்று போத்தலில் ஊற்றி அடுப்படி மூலையில் வைக்கும்போதுதான் கதை மாறுகிறது. சீனி தீர்ந்ததும் ஈஸ்ட் தன் உடலில் சேர்த்த கிளைக்கோஜனைத் தின்கிறது. அதுவும் தீர்ந்தால் செத்து உடைகிறது. உடைந்ததில் கசிவது பக்டீரியாவுக்குத் தீனி. காற்றுப் பட்டால் மதுசாரம் வினாகிரியாகிறது. தென்னங்கள்ளு பற்றி 1986இல் வெளியான இலங்கை ஆய்வொன்றும் இந்த ஒழுங்கையே காட்டியது: முதலில் லக்டிக் அமிலம், பிறகு மதுசாரம், கடைசியில் அசற்றிக் அமிலம்.

“புளிச்சா நல்லதுதானே” என்பார்கள். புளிப்பும் பொங்குதலும் ஒன்றல்ல. பழைய மண்டி விட்ட மா மூக்கைத் துளைக்கும். தாச்சியில் சுற்றினால் நடுவில் கண் விழாது, விளிம்பு தடித்துப்போகும். பிறகு அப்பச் சோடா போட்டு மானத்தைக் காப்பாற்றுவார்கள்!

பியர்க்காரர்களுக்கும் இதே தலையிடிதான். 1883இல் கார்ல்ஸ்பேர்க் பியர் ஆலையின் ஆய்வாளர் ஹன்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட் வளர்த்தார். அதையும் திரும்பத் திரும்பப் பாவித்தால் மைற்றோகொண்ட்ரியா பழுதான செல்கள் கூடலாம். அதனால் சில சுற்றுகளுக்குப் பிறகு வீசிவிடுகிறார்கள். நோர்வே விவசாயிகள் கெட்டிக்காரர்கள்: ஈஸ்டை மரவளையத்தில் உலர்த்தி வைத்தார்கள். உலர்ந்த ஈஸ்ட் உறங்குகிறது, பட்டினியால் சாவதில்லை.

கடையில் விற்கும் உலர் ஈஸ்ட் பக்கெட்டும் அதே தந்திரம்தான். மாவை நிச்சயமாகப் பொங்க வைக்கும். ஆனால் உடைத்த பக்கெட் இந்த ஈரப் பதத்தில் சீக்கிரம் சோர்ந்துவிடும். கள்ளின் மணமும் அதில் வராது, ஏனென்றால் அந்த மணம் ஈஸ்டோடு பக்டீரியாவும் சேர்ந்து தருவது. மணத்துக்காக மண்டியை வைப்பது நியாயம். வாரக்கணக்கில் வைப்பது வீண். ஃபிரிட்ஜில் என்றால் ஓரிரு நாள் கூடத் தாங்கும். மூடியை மட்டும் இறுக்கக் கூடாது, வாயு போத்தலை வெடிக்க வைத்துவிடும்.

சந்தேகமானால் ஒரு கரண்டி மண்டியை வெதுவெதுப்பான சீனித் தண்ணீரில் கலக்கிப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் நுரைக்காவிட்டால் ஊற்றிவிட வேண்டியதுதான். நுரைத்தாலும் முகர்ந்து பார்க்க வேண்டும்: சில லக்டிக் பக்டீரியாக்களும் வாயு விடும்.