நெறி மாறினும் மொழி மாறாதவர்

கிறித்தவர் கூட்டங்களில் ‘சாட்சி’ என்றொரு பகுதி உண்டு. தாம் முன்னர் வாழ்ந்த வாழ்வையும், பின்னர் இறைவனை அறிந்த வகையையும் ஒருவர் அவைமுன் தம் வாயாலேயே எடுத்துரைப்பார். சொல்பவர் நடிகராகவோ பாடகராகவோ இருந்துவிட்டால் கூட்டம் பெருகும். ‘நானும் ஒரு பெண்’ (1963) முதலிய படங்களில் நடித்துப் பெயர்பெற்ற ஏ.வி.எம். ராஜன் பிற்காலத்தில் கிறித்தவ ஊழியத்தை மேற்கொண்டதைத் தமிழர் பலரும் அறிவர்.

இத்தகைய சாட்சியை இலக்கியமாகக் கொண்டு மதிப்பிட இயலுமா? ஒருவரது நம்பிக்கையின் ஆழத்தை அளக்கத் திறனாய்வாளனிடம் கோல் இல்லை. ஆனால், அந்நம்பிக்கையைச் சொல்லும் சொல்லை அளக்கலாம். அவையை உருக்கப் பயின்றவன் கலைஞன். பழைய வாழ்வை எத்துணைக் கருமையாகத் தீட்டுகின்றானோ அத்துணை ஒளியுடன் புதிய வாழ்வு தோன்றும் என்பது அவனுக்குத் தெரியும். அத்திறமையே அவனுக்கு இடறலாகவும் அமையும். கேட்டவர் வீடு திரும்பும்போது இறைவனை மறந்து பேச்சாளனையே நினைவிற் கொள்வாராயின், அச்சாட்சி தோற்றதேயாகும்.

இவ்விடறலைத் தமிழில் வென்றவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடியிற் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். அவர் நாத்திகராய் இருந்ததில்லை. ஒரு பக்தியிலிருந்து மற்றொரு பக்திக்குச் சென்றவர். தாம் கிறித்தவரான வரலாற்றை உரைநடையிலும் எழுதிவைத்தார். எனினும், அவருடைய உண்மையான சாட்சி 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகமே என்பேன்.

ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்களில் 3,600க்கு மேற்பட்ட பாடல்களால் அமைந்தது அக்காப்பியம். ஆன்மாவின் பயணத்தைக் கூறும் கதைக்குள், மூலநூல் விரித்துரைக்காத ஒன்றைப் புலவர் விரித்துரைக்கின்றார். குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசுபிரான் பட்ட பாடுகளை நெஞ்சுருகப் பாடுகின்றார். தம் கதையைச் சொல்லவேண்டிய இடத்தில் தம்மை மறைத்து, தம் தலைவனை முன்னிறுத்துகின்றார். சாட்சி என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ?

இன்னொரு சிறப்பும் உண்டு. நெறி மாறியவர் தாம் கற்ற கம்பனை விட்டுவிடவில்லை. ஆழ்வார் பாசுரங்களில் ஊறிய நாவையும் மாற்றிக்கொள்ளவில்லை. திருமாலைப் பாடிப் பழகிய தமிழே அவர் கையில் கிறித்துவைப் பாடும் தமிழாயிற்று. ‘கிறித்தவக் கம்பர்’ என்று அவரை அழைப்பது வெறும் புகழ்ச்சி அன்று. குறைகளும் இல்லாமல் இல்லை. பண்புகளுக்கே பெயரிட்டுப் பாத்திரங்களாக நடமாட விடுவதால் சிலவிடங்களில் உயிர்த்துடிப்புக் குன்றுகின்றது. வடசொற்செறிவும் அறவுரை நீட்சியும் இன்றைய வாசகரைத் தடுக்கும். எனினும், பக்தி பொங்கும் இடங்களில் இக்குறைகள் கரைந்து போகின்றன.

சரியாக நூறாண்டுகள் கழித்து, 1927இல் பிறந்தவர் கண்ணதாசன். அவர் நாத்திக மேடையில் வளர்ந்தவர். எள்ளி நகையாடுவதற்காகக் கம்பனைப் படிக்கப்போய்க் கம்பனுக்கு ஆட்பட்ட கதையை அவரே எழுதியுள்ளார். அவர் திரும்பிவந்தது இந்து சமயத்துக்கு. அதற்கு ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ சான்று. ஆனால், திருச்சி கலைக்காவிரியின் முயற்சியால் அவர் பாடிய ‘இயேசு காவியம்’, அவர் 1981இல் மறைந்த பின்னர், 1982இல் நூலாக வெளிவந்தது. கிறித்துவை ஏற்றுத் திருமுழுக்குப் பெற்றவர் பாடியதன்று அது. நம்பிக்கையின்மையைக் கடந்துவந்த ஒருவர், அயலார் நம்பிக்கையை மதித்துப் பாடியது. ஆகவே, அதைச் சாட்சி என்பது பொருந்தாது. நன்றி என்பதே பொருந்தும். கிருஷ்ணபிள்ளையின் பாட்டில் உள்ள வேட்கை அதில் இல்லை. ஆனால், எளியவரும் படித்துணரும் தெளிவு உண்டு.

ஒருவரை நாத்திகத்திலிருந்து மீட்டவனும் கம்பன். மற்றொருவர்க்குக் கிறித்தவக் காப்பியம் பாட வழிகாட்டியவனும் கம்பன். சமயங்கள் பிரியும் இடத்திலும் தமிழ் பிரிவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

வேங்கடத்தின் அடியிலும் சித்தூரிலும் வாழும் நமக்கு இது வெறும் இலக்கிய ஆராய்ச்சி அன்று. ஆழ்வார்கள் பாடிய மலை நம் கண்முன் நிற்கின்றது. நம் பிள்ளைகளோ பள்ளியில் தெலுங்கு பயில்கின்றனர். பயிலட்டும், அது வாழும் மண்ணின் மொழி. புதிய இடத்துக்குச் செல்பவன் பழையதைப் பழித்துத்தான் செல்லவேண்டும் என்னும் நியதி இல்லை. கிருஷ்ணபிள்ளை கரை கடந்தார்; கடக்கும்போது தமிழையும் உடன் கொண்டு சென்றார். நம் வீடுகளில் கம்பனும் ஆழ்வாரும் இரட்சணிய யாத்திரிகமும் ஒரே அலமாரியில் இருக்கட்டும். எதை நம்புவது என்பதைப் பிள்ளைகள் வளர்ந்து தாமே தேர்ந்துகொள்வர். அதைச் சொல்ல ஒரு மொழியை அவர்க்கு வைத்துச் செல்வது நம் கடன்.