சினையும் செவிலியும்: ஒரு கலைச்சொல் ஆய்வு

கலைச்சொல்லாக்கத்தில் இருவகைப் பிழை நேர்தல் கூடும். பொருளின் இயல்பை நோக்காது சொல்லை மட்டும் பெயர்த்தல் ஒன்று. பழஞ்சொல் ஒன்று பொருந்தக் கண்டவுடன் முன்னோர் அப்பொருளை முற்றும் அறிந்திருந்தனர் எனத் துணிதல் மற்றொன்று. பழ ஈயின் முட்டை வளர்ச்சியில் மரபணுக்கள் தொழிற்படும் முறையைக் கூறும் சொற்களைக் கொண்டு இவ்விரண்டினையும் ஈண்டு ஆராய்வாம்.

'மரபணு வெளிப்பாடு' என்பது பாடநூல் வழக்கு. உள்ளிருந்தது வெளியே தோன்றுதல் என்பதே இத்தொடர் தரும் பொருள். நிகழ்வதோ வேறு. ஏட்டுச்சுவடி பேழையில் இருக்கப் படி மட்டும் வெளியூர் செல்லுதல் போல, மரபணு தன் இடத்திலேயே இருக்க, அதன் படியாகிய தூது ஆர்.என்.ஏ. மட்டுமே செல்கின்றது.

ஈயின் சூலகத்தில் ஓர் உயிரணு நான்கு முறை பிரிந்து 16 ஆகின்றது. அவற்றுள் ஒன்றே முட்டையாகும். ஏனைய 15 உயிரணுக்களும் அதனை ஊட்டி வளர்த்து, தம்மிடம் உள்ளவற்றை அதனுள் சொரிந்து மடிகின்றன. இவற்றைச் செவிலி உயிரணுக்கள் எனல் தகும். எனினும் அகத்திணையில் செவிலியின் மகள் தோழி. தலைவிக்குச் செவிலி வளர்ப்புத்தாய். ஈண்டோ செவிலியர் முட்டையின் உடன்பிறப்புகள். உவமை தொழிலளவில் பொருந்தும்; முறையளவில் பொருந்தாது.

பைகாய்டு என்னும் மரபணுவின் படி இச்செவிலியரிடத்தே எடுக்கப்பெற்று, முட்டையின் முன்முனையில் வைக்கப்பெறுகின்றது. முட்டையிட்ட பின்னரே அது புரதமாக மொழிபெயர்க்கப்படும். தாயிடத்து அம்மரபணு பழுதுறின், தந்தையினது நன்றாயினும், கருவிற்குத் தலையும் மார்பும் அமையா. கருவளர்ச்சியை ஆளும் மரபணுக்களை ஆராய்ந்த நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷாவுஸ், லூயிஸ் ஆகியோர் 1995-இல் நோபல் பரிசு பெற்றனர். படியெடுத்தல் தாயிடத்தும் மொழிபெயர்ப்பு முட்டையினிடத்துமாக, இடமும் காலமும் வேறுபட நிகழும் இரு செயல்களை 'வெளிப்பாடு' என்னும் ஒரு சொல் மறைத்து விடுகின்றது. 'மரபணுத் தொழிற்பாடு' எனப் பொதுவாகக் கூறி, இரு செயலையும் பிரித்துரைத்தலே மாணவர்க்குத் தெளிவு தரும் என்பது எம் கருத்து.

இனி, மக்கள் வழக்கினை நோக்குவாம். பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட லைட்ஹவுஸ் குப்பம் மீனவர் ஊர். நம் கடற்கரைகளில் முட்டை தாங்கிய நண்டினைச் சினைநண்டு என்பர். அதன் வயிற்றடியில் மஞ்சளாகத் தோன்றும் முட்டைத்திரள் கரு வளருந்தோறும் கருமை எய்தும். ஈயும் நண்டும் இன்றைய உயிரியலில் கணுக்காலிகள். தொல்காப்பிய மரபியலும் நண்டினையும் தும்பியையும் நாலறிவுயிராக ஒருங்கு வைத்தது. ஆதலின் 'சினை' ஈயின் முட்டைக்கும் ஏற்புடைத்து. இலக்கணத்தில் உறுப்பையும் அச்சொல்லே குறிக்கும். தலை, மார்பு என்னும் உறுப்புகளின் அமைப்பு முட்டையிலேயே வரையறுக்கப்படுதலின், இருபொருளும் ஈண்டு ஒன்றனையொன்று தழுவி நிற்கின்றன.

இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் மரபணு அறிந்தனர் என்னல் ஆராய்ச்சி ஆகாது. அறிவுகளை எண்ணி வகுத்தல் வேறு. உடலமைப்பால் வகுத்தல் வேறு. சொல்லின் பொருத்தம் அறிவியல் அறிவிற்குச் சான்று ஆகாது. ஆயினும் பொருந்திய சொல்லைப் புறக்கணித்தலும் பேதைமையே. கடற்கரை ஊர்களின் சொற்களை, அவை வழக்கிறக்கும் முன் தொகுத்து, பொருளோடு ஒட்டி ஆராய்ந்து கொள்வன கொள்ளுதல் தமிழாய்வார் கடன்.