பெயரற்றோரின் அச்சம்: குறைந்த செலவு அறிவியல் திகில் படங்களில் பிரதிநிதித்துவம்

முன்னுரை

திகில் படத்தில் அஞ்சுபவர் யார், அஞ்சப்படுபவர் யார் என்னும் பங்கீடு சமூகப் பொருள் உடையது. குறைந்த செலவில் உருவாகும் படங்கள் பெருவணிகக் கட்டுப்பாடுகளிலிருந்து விலகி நிற்பதால், புறக்கணிக்கப்பட்டோருக்கு இயல்பாகவே இடமளிக்கும் என்னும் கருத்து உண்டு. மூன்று படங்களின்வழி அக்கருத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இரு முன்னோடிகள்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் குழுவினருடன் இணைந்து தயாரித்து 1952இல் வெளிவந்த 'தி ஜங்கிள்' (தமிழில் 'காடு'), இந்தியாவின் தொடக்கக்கால அறிவியல் புனைவுப் படங்களுள் ஒன்று. யானைகள் மிரண்டு ஊர்களைத் தாக்குவதன் காரணத்தைத் தேடிச் செல்லும் குழு, அழிந்துபோனதாகக் கருதப்பட்ட மாமூத்துகளைக் காண்கிறது. உண்மை யானைகளுக்கு உரோமம் ஒட்டியே அவை உருவாக்கப்பட்டன. இச்சிக்கனத்தைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயின், இந்திய இளவரசியாக மேரி விண்ட்சரும், ராமா சிங்காக சீசர் ரொமேரோவும் நடிக்க, எம். என். நம்பியார் உள்ளிட்ட இந்திய நடிகர்கள் துணைப் பாத்திரங்களில் நின்றனர். காடும் யானையும் இந்தியாவுக்குரியவை. இந்தியரின் முதன்மை முகங்களோ அமெரிக்க நடிகர்களுக்குரியவை.

ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் உருவானது. இனம் குறிப்பிடப்படாத நாயகப் பாத்திரத்துக்குக் கறுப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸ் தேர்வானார். நடமாடும் பிணங்களிடமிருந்து தப்பும் அவர், காப்பாற்ற வந்தோரால் பிணமெனக் கருதப்பட்டுச் சுடப்படுகிறார். அத்தேர்வே முடிவுக்கு எழுத்தில் இல்லாத அரசியல் பொருளைத் தந்தது. இரு படங்களும் சிக்கனமானவையே. ஆதலின் விளைவை நிர்ணயித்தது செலவு அன்று, நடிகர் தேர்வே எனலாம்.

'மிருதன்'

சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய 'மிருதன்' (2016) தமிழின் முதல் ஜாம்பி படமாக முன்வைக்கப்பட்டது. கதை உதகையில் தொடங்குகிறது. தோடர், கோத்தர் முதலிய தொல்குடிகளின் மலையாயினும், முதன்மைப் பாத்திரங்களுள் எவரும் அக்குடியினர் அல்லர். போக்குவரத்துக் காவலனான நாயகனும் இறுதியில் தொற்றுக்கு ஆளாகிறான். அவன் மாற்றத்தைத் துயரமாகக் காட்டும் படம், அவனுக்குமுன் மாறிய நகரத்தார் பலரைச் சுடத்தக்க கூட்டமாகவே கடந்துசெல்கிறது. நேற்றுவரை அண்டை வீட்டாராக இருந்தோரைச் சுடும் துயரமே இவ்வகைமையின் ஆழம். அது இங்கு நாயகனின் காதலுக்குள் சுருங்கிவிடுகிறது.

கூத்து தரும் அளவுகோல்

பணமின்மையை இதற்குக் காரணமாகக் கூற இயலாது. கீழ்பென்னாத்தூர் அமைந்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்துத் தெருக்கூத்தை இங்கு ஒப்பிடலாம். இருவர் பிடிக்கும் ஒரு துணியே அதன் திரை. அத்திரைக்குப் பின்னிருந்து வரும் அசுரனும் தன் பெயரையும் பெருமையையும் பாடிய பின்னரே களத்தில் நிற்கிறான். கட்டியங்காரன் அவனை யாரென வினவுகிறான். கொல்லப்படப் போகிறவனுக்கும் தன்னைச் சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு. இதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை.

முடிவுரை

பன்முகத்தன்மையைத் திரையில் தோன்றும் முகங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. பெயர் பெறுபவர் யார், எவருடைய இறப்புக்குக் கதை இரங்குகிறது என்பவையே முதன்மையான வினாக்கள். குறைந்த செலவு இவ்வினாக்களை எழுப்பும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது, விடையைத் தருவதில்லை.