மூன்று சென்டிமீட்டர் இடப்பக்கம்

செங்குத்தான கோரைத்தண்டு ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி ஓர் ஊசித்தட்டான். பக்கவாட்டில் எடுத்த படம். இறக்கையின் நரம்புகளை எண்ணிவிடலாம். பார்க்கிறவர்கள் "செம ஷார்ப்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஷார்ப்பாக எடுத்துக் கொடுப்பதில் பாதி லென்ஸின் வேலை. எடுத்தவர் தேர்ந்தெடுத்தது அவர் நின்ற இடத்தை. அதைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை.

எனக்கு இப்படிப்பட்ட படங்களில் பூச்சியைவிட அதன் பின்னால் இருப்பதுதான் முதலில் கண்ணில் படும். இங்கே தலைக்குப் பின்னே வெளிறிய பட்டை ஒன்று ஓடுகிறது. காய்ந்த புல்லாக இருக்கும். மங்கிக் கரைந்திருந்தாலும் படத்திலேயே வெளிச்சமான இடம் அதுதான் என்பதால், கண் அங்கே போய்விட்டுத்தான் தட்டானிடம் வருகிறது. "பேக்கிரவுண்ட் சரியில்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். அதை வைத்துக்கொண்டு எடுத்தவர் அடுத்த முறை குளக்கரையில் என்ன செய்வார்? கேமராவை மூன்று சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தியிருந்தால் புல் தலையை விட்டு விலகியிருக்கும் என்று சொன்னால், அவர் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

கணக்கும் அப்படித்தான். தட்டான் லென்ஸிலிருந்து 30 செ.மீ. தூரத்தில், புல் அதற்கும் 60 செ.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்வோம். கேமரா 3 செ.மீ. நகர்ந்தால், தட்டானுக்கு நேர் பின்னால் விழும் இடம் 6 செ.மீ. தள்ளிப்போகும். மூன்று மீட்டர் பின்னால் உள்ள புதர் என்றால் 30 செ.மீ. மலையை எடுப்பவர் மைல் கணக்கில் நடந்து பெறுகிற மாற்றம் மேக்ரோக்காரருக்கு முழங்கையை அசைத்தாலே கிடைத்துவிடுகிறது.

ஆனால் எந்தப் பக்கம் அசைப்பது என்பதில்தான் விமர்சகரின் கெட்டிக்காரத்தனம் தெரியும். பொருளின் பாதி அளவு சென்சாரில் விழும்படி நெருங்கி, எஃப் 8-இல் எடுத்தால், ஃபோகஸில் நிற்கும் ஆழம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். பொருளும் பிம்பமும் சம அளவாகும்வரை நெருங்கினால் அது ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். நம் தட்டான் செங்குத்தாக இருப்பதால், கேமரா இடம் வலமாக நகர்ந்தாலும் தலையும் வால்நுனியும் லென்ஸுக்குச் சம தூரத்திலேயே இருக்கும். புல்லைத் தவிர்க்கிறேன் என்று கேமராவை மேலே தூக்கிச் சாய்த்தால் வால் மங்கிவிடும். "கொஞ்சம் மேலேயிருந்து எடுத்திருக்கலாமே" என்று போகிற போக்கில் சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

பொருளை நடுவில் வைக்காமல் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கில் வைக்கச் சொல்லும் விதியை ஒப்பிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. கார்ல் பிளாஸ்ஃபெல்ட்டின் செடிப் படங்களை அவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். பெர்லினில் 1928-இல் புத்தகமாக வந்தவை. சுருண்ட பெரணி, மொட்டு, தண்டு எல்லாம் வெற்றுப் பின்னணியில், பெரும்பாலும் நட்டநடுவில் நிமிர்ந்து நிற்கும். இரும்புக் கிராதி வேலைப்பாடோ என்று தோன்றும். அவற்றை ஓரத்துக்குத் தள்ளினால் அந்தக் கம்பீரம் போய்விடும். தட்டானுக்கு முகம் இருக்கிறது, அது ஒரு திசையைப் பார்க்கிறது. ஆகவே அந்தப் பக்கம் இடம் விடச் சொல்லலாம். பெரணிச் சுருளுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

பிளாஸ்ஃபெல்ட் செடிகளை வெட்டி, வேண்டாத இலைகளைக் கழித்துவிட்டுத்தான் எடுத்தார். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் 1885 முதல் பனிச்செதில்களைப் படமெடுத்த வில்சன் பென்ட்லியோ, நெகட்டிவில் செதிலைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டிப் பின்னணியைக் கறுப்பாக்கினார். ஓரங்களின் உருவமே மாறிவிட்டது என்று ஜெர்மானிய வானிலை அறிஞர் ஹெல்மன் குறைசொன்னார். இன்று மென்பொருளில் புல்லை அழிப்பவர்களிடம் கேட்பதும் இதே கேள்விதான். புல்லை அழிக்கும்போது மீசையில் பாதி போயிற்றா என்பதை நான் கட்டாயம் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஒரு பூச்சியைக் குளிரூட்டியோ ஒட்டியோ அசையாமல் வைத்து எடுக்க யோசனை சொல்பவரிடம் மட்டும் மேற்கொண்டு பேசுவதில்லை.

குறையைச் சொல்வதைவிட நல்லதைத் துல்லியமாகச் சொல்வது கடினம். இந்தப் படத்தில் முன்கால்கள் தண்டைப் பற்றும் இடத்துக்கும் இறக்கை நுனிக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று ஏறாததால்தான் உருவம் அவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது. எடுத்தவர் இதைத் தெரிந்து செய்தாரா என்று கேட்பேன். தற்செயல் என்றாலும் அடுத்த முறை அவரே தேடுவார்.

கீழே வெறுமையாக இருக்கும் மூன்றில் ஒரு பகுதியை வெட்டிவிடச் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். அங்கேதான் கோரைத்தண்டு தண்ணீரிலிருந்து எழுவது தெரிகிறது. அதை நீக்கினால் தட்டான் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே தெரியாது. மேலே மட்டும் ஒரு விரற்கடை குறைக்கலாம்.