பாக்கெட்டின் முதுகைப் படிக்கிற செயலி

“என்ன சார், எக்ஸ்பயரி தேதியா பாக்குறீங்க? நேத்துதான் சரக்கு இறங்குச்சு” என்றார் மளிகைக்கடை அண்ணாச்சி. என் ஒரு கையில் சால்ட் பிஸ்கட் பாக்கெட், இன்னொரு கையில் போன். மடிப்புக்குள் சுருங்கிக் கிடந்த பார்கோடைக் கட்டைவிரலால் நீவிவிட்டுக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக எனக்கு இதே பிழைப்பு.

செயலியின் பெயர் ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ். ஸ்தெஃபான் ஜிகாந்தே என்ற மென்பொருள்காரர் 2012-ல் பிரான்சில் தொடங்கியது. லாபநோக்கில்லாத அமைப்பு நடத்துகிறது. கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். உணவு பாக்கெட்டுகளுக்கான விக்கிபீடியா என்றால் சட்டென்று விளங்கும். யாரோ ஒருவர் பாக்கெட்டைப் படம்பிடித்து ஏற்றுகிறார், மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறோம். நான் இதைக் கிராக்கர் வகை பிஸ்கட்டுகளை வைத்து மட்டும்தான் சோதித்தேன். காரணம் ஆராய்ச்சி ஆர்வமெல்லாம் இல்லை. எங்கள் வீட்டில் நாலு மணி டீ அது இல்லாமல் இறங்காது.

முதல் பாக்கெட் ஏற்கெனவே பட்டியலில் இருந்தது. பார்கோடு பட்ட மாத்திரத்தில் ஓர் எழுத்து, ஓர் எண், ஓர் அட்டவணை என்று திரையில் வந்து நின்றன. எழுத்து, நியூட்ரி ஸ்கோர். பிரான்ஸ் 2017-ல் ஏற்றுக்கொண்ட முறை. ஏ முதல் ஈ வரை ஐந்து வகுப்பு. கலோரி, சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, உப்பு ஆகியவை மதிப்பெண்ணைக் கெடுக்கும். நார்ச்சத்து, புரதம், பழம், காய்கறி ஓரளவு தூக்கிவிடும். என் சால்ட் பிஸ்கட்டுக்குக் கிடைத்தது ஈ. அன்றிலிருந்து வீட்டில் அதற்கு ‘ஈ மொய்த்த பிஸ்கட்’ என்று பெயர். ஆனால் டப்பா காலியாவது நிற்கவில்லை.

எண் என்பது நோவா வகைப்பாடு. பிரேசிலின் கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவர் குழுவினரும் வகுத்தது. 1 என்றால் இயல்பான உணவு, 4 என்றால் ஆலையில் மிகையாகப் பதப்படுத்தியது. நான் ஸ்கேன் செய்த கிராக்கர் அத்தனைக்கும் 4. எல்லாரும் ஒரே மார்க் வாங்கும் பரீட்சையால் இரண்டு பாக்கெட்டில் எதை எடுப்பது என்று முடிவெடுக்க முடியாது. அதை விட்டுவிட்டேன்.

உருப்படியான விஷயம் அட்டவணைதான். எந்த பாக்கெட்டானாலும் 100 கிராமுக்கு என்ன இருக்கிறது என்று ஒரே அளவில் காட்டுகிறது. என் பாக்கெட்டில் 480 கலோரி, கொழுப்பு 20 கிராம், அதில் நிறைவுற்றது 8.5 கிராம், சர்க்கரை 6 கிராம், சோடியம் 900 மில்லிகிராம். பாக்கெட்டின் முதுகிலும் இதே எண்கள் இருக்கின்றன. ஆனால் பக்கத்திலேயே இன்னொரு பத்தியில், ஒரு சர்விங்கில் ஒரு நாளுக்கான சோடியத்தில் 7 சதவீதம் மட்டுமே என்று போட்டிருக்கிறது. அந்தச் சதவீதத்தை அச்சிடச் சொல்வது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் வருட விதி. நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு என்பது அதன் அடிப்படை. கணக்கில் தப்பில்லை. விஷயம் சர்விங்கில் இருக்கிறது: 15 கிராம்.

கேக் செய்வதற்காக வாங்கி, கேக்கே செய்யாமல் கிடந்த டிஜிட்டல் தராசை எடுத்தேன். பத்து பிஸ்கட் 34 கிராம். அப்படியானால் ஒரு சர்விங் என்பது கிட்டத்தட்ட நாலரை பிஸ்கட். நாலரை பிஸ்கட்டோடு எழுந்துபோகும் மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒரு டம்ளர் டீக்கு எனக்குப் பத்து ஆகும். பத்துக்கு 306 மில்லிகிராம் சோடியம், 15 சதவீதம். கொழுப்பு 6.8 கிராம், அதாவது ஒன்றரை டீஸ்பூன் எண்ணெய். இந்த வேலையைச் செயலி செய்யாது. 100 கிராம் வரைக்கும் அது கூட்டிக்கொண்டுபோகும். மிச்சத்துக்குத் தராசு வேண்டும்.

இரண்டாவது பாக்கெட் பட்டியலில் இல்லை. நீங்களே சேர்த்துவிடுங்கள் என்றது செயலி. முகப்பு, மூலப்பொருள், சத்து அட்டவணை என்று ஒவ்வொன்றாகப் படம் கேட்கும். பளபளக்கும் உறையில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு எழுத்தெல்லாம் வெள்ளையாகிவிட, ஜன்னலோரம் போய் நாலாவது முறைதான் சரியாக விழுந்தது. எண்களைத் தட்டும்போது ஒரு கூத்து. ஐரோப்பிய பாக்கெட்டுகளில் உப்பு என்று கிராமில் போடுவார்கள். நம்மூரில் சோடியம் என்று மில்லிகிராமில். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. நான் அவசரத்தில் 900 மில்லிகிராம் சோடியத்தை உப்புக் கட்டத்தில் தட்டிவிட்டேன். 2.25 கிராமாக இருக்க வேண்டிய உப்பு 0.9 ஆகிவிட்டது, ஈ வாங்கியிருக்க வேண்டிய பிஸ்கட் டி ஆகிவிட்டது. மறுநாள் கவனித்துத் திருத்தினேன். கவனிக்காவிட்டால் என் தயவில் அது வகுப்பேறியே இருந்திருக்கும். அதனால் எழுத்தைப் பார்த்ததும் நம்பாதீர்கள். கீழே பாக்கெட்டின் படம் இருக்கும். சோடியத்தை மட்டுமாவது ஒத்துப் பாருங்கள்.

எனக்கு அதிகம் உதவியது, சொன்னால் சிரிப்பீர்கள், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது. உறையில் எறும்பு சாரையாக ஓடும் மூலப்பொருள் பட்டியல் போனில் நிதானமாகப் படிக்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. முகப்பில் கேழ்வரகுக் கதிரும் ஓட்ஸும் சிரிக்கும் ஒரு மல்டிகிரெய்ன் கிராக்கரைப் பெரிதாக்கினேன். முதலில் மைதா, அடுத்து பாமாயில், எங்கேயோ பின்னால் கேழ்வரகு 3 சதவீதம். எடை அதிகமானதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி என்பதால் வரிசையே கதை சொல்லிவிடும். ‘பொரிக்காதது, பேக் செய்தது’ என்றும் முகப்பில் பெருமை. அடுப்பிலிருந்து சூடாக வெளிவரும் கிராக்கர் மேல் எண்ணெய் தெளிப்பது அந்தத் தொழிலில் வழக்கம். பொரிக்காமலே 20 கிராம் கொழுப்பு சேர்வதில் அதற்கும் பங்குண்டு. சோடியத்திலும் ஒரு சங்கதி உண்டு. மூலப்பொருள் பட்டியலில் ஐ.என்.எஸ். 500(ii) என்று சேர்க்கைப்பொருள் எண் போட்டிருந்தால் அது சமையல் சோடா. நாக்கில் கரிக்காமலே சோடியத்தை ஏற்றும். ஐரோப்பாவில் அதே எண்ணுக்கு முன்னால் ஈ என்று இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

விருப்பங்கள் பகுதியில் ‘உப்பு குறைவு முக்கியம்’ என்று குறித்துவைத்தால், ஸ்கேன் செய்யும் பொருள் அதற்கு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடும் என்னைப் போன்றவர்களுக்கு ஏ, பி, சி, டி எழுத்தைவிட இது மேல். ஆனால் பார்கோடு இல்லாத உலகத்தில் செயலிக்கு வாய் கிடையாது. டீக்கடை கண்ணாடி ஜாடியின் பட்டர் பிஸ்கட்டும், பேக்கரியில் எடை போட்டுத் தரும் உப்பு பிஸ்கட்டும் இதன் கண்ணில் படாது.

நியூட்ரி ஸ்கோர் நம் ஊரில் நடைமுறையில் இல்லை. அதைப் போன்ற நட்சத்திர மதிப்பீட்டுக்கு 2022-ல் இங்கே ஒரு வரைவு வெளியானது.

செயலியை வைத்துக்கொள்ளலாமா என்றால், வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்காக அல்ல, 100 கிராம் அட்டவணைக்காகவும் பெரிதாகும் படத்துக்காகவும். இரண்டு கிராக்கர் பாக்கெட்டுக்கு நடுவே கடையில் நின்று தடுமாறும்போது, முதலில் சோடியத்தையும் அடுத்து நிறைவுற்ற கொழுப்பையும் ஒப்பிட்டால் போதும், அரை நிமிட வேலை. உங்கள் வீட்டு பாக்கெட் பட்டியலில் இல்லையென்றால் அலுத்துக்கொள்ளாமல் ஏற்றிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், எண்ணை எந்தக் கட்டத்தில் தட்டுகிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.