நாணயம் போயினும் நின்ற சொற்கள்

பேச்சு வழக்கில் அருகிவரும் பழஞ்சொற்களைக் 'கொச்சை' என்னும் ஒரே முத்திரையிட்டு ஒதுக்குதல் நம்மிடையே நெடுநாள் வழக்கம். அம்முத்திரை சொல்லைப் பழிக்கிறதேயன்றி விளக்குவதில்லை. அச்சொற்களின் கவர்ச்சி வெறும் பழமையால் வந்ததன்று. அவை பிறந்த பொருளும் தொழிலும் அவற்றுள் உறைந்து கிடப்பதால் வந்தது என யாம் கருதுகிறோம். காசு பற்றிய சொற்கள் சிலவற்றைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

திண்டுக்கல்லை அடுத்த அகரம், தாடிக்கொம்பு முதலிய ஊர்களில் முதியோர் ஒருவனைத் 'தம்பிடிக்கு உதவாதவன்' என்றோ 'ஓட்டைக் காலணா' என்றோ இகழ்வதை இன்று அரிதாகவே கேட்கிறோம். ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 காசுகளாக வகுக்கப்படவே இக்கணக்கு மறைந்தது. உதவாதவனை அளக்க 192இல் ஒரு பங்கைத் தேர்ந்த நுட்பம் நோக்கத்தக்கது! நடுவில் துளையுடைய காலணா 1943 முதல் 1947 வரை அச்சிடப்பெற்றது. போர்க்கால உலோக நெருக்கடியில் பிறந்தது அது. துளையிருந்தும் அது செல்லும் காசே. வசையில் மட்டும் செல்லாக்காசாயிற்று. துளையைக் குறையென்றே மக்கள் கண்டனர் போலும்.

'பதினாறணா உண்மை' என்றதன் இடத்தை இன்று 'நூறு சதவீதம்' கொண்டுவிட்டது. பொருளில் குறைவில்லை. ஆயினும் முன்னதில் அணா அணாவாக எண்ணி வாங்கிய கை தெரிகிறது. பின்னதில் மதிப்பெண் பட்டியலே தெரிகிறது. டச்சு நாணயத்தின் பெயரிலிருந்து வந்த 'துட்டு', அந்நாணயத்தைக் கண்டறியாதார் வாயிலும் தமிழ்ச்சொல்லாகவே வழங்குகிறது.

இவற்றை நன்னூலார் கூறும் குழூஉக்குறியுள் அடக்கலாமோ எனின், அது பொருந்தாது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றது பிறர் அறியாமைப் பொருட்டு. சந்தையில் ஒருவனைக் காலணா என்றது யாவரும் அறிதற்பொருட்டு. மறைப்பதும் ஏசுவதும் ஒன்றாகா.

இத்தகைய வழக்கு இலக்கியத்தில் பெறும் ஆற்றலுக்கு, வத்தலக்குண்டோடு தொடர்புடைய சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' தக்க சான்று. 'சல்லி பெறாது' என்பது இழிவின் எல்லை. கொம்பிற் கட்டிய அதே சல்லிக்காசால் பெயர்பெற்றது சல்லிக்கட்டு என்பர். தந்தையின் உயிரைக் குடித்த காரிக் காளையை எதிர்கொள்ள வரும் பிச்சிக்கு அக்காசு ஒரு பொருட்டன்று, மானமே பொருள். ஒரே சொல் மதிப்பின் இருகோடியிலும் நிற்பதைக் காண்க. காளையை அடக்குதற்கு மாடுபிடிப்போர் வழக்கில் 'அணைதல்' என்று பெயர். முல்லைக்கலி 'தழுவுதல்' என்றதும் இதனையே. கொச்சை என ஒதுக்கப்பட்ட வாய் சங்கச் செய்யுளின் உருவகத்தைக் கைவிடாது காத்துவந்துள்ளது. அக்குறுநாவலின் உரையாடல்களைச் செந்தமிழாக்கிப் படித்துப் பார்ப்பவர், வேடிக்கை பார்ப்போரின் ஏச்சும் வியப்பும் அடங்கிக் களமே வெறிச்சோடுவதை உணர்வர்.

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கு அகராதி தந்தார். பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரத்துக்குத் தந்தார். திண்டுக்கல் சமவெளியின் சந்தைச் சொற்களைத் தொகுக்கப் புகும் ஆய்வு மாணவர், பொருளோடு அமையாமல், யார் யாரை நோக்கி எக்குரலில் கூறினர் என்பதையும் குறித்தல் வேண்டும். 'ஓட்டைக் காலணா' என்று பாட்டி பேரனைக் கூறின் அது வசையன்று.